தண்ணீர் ஊற்றக் கூடாத சிலாப்புகள்

சனிக்கிழமை நடந்தவை, நடந்த வரிசையில்:

1. காலை ஆறு மணிக்கு லாரி மெட்ராஸை விட்டது. அதில் இருந்தவை: அனல்மின் நிலையச் சாம்பல் பத்து மூட்டை, கரைசல் நிரப்பிய பிளாஸ்டிக் கேன் நான்கு, மர அச்சு ஐந்து, ரப்பர் கையுறை ஆறு ஜோடி, வினிகர் இரண்டு பாட்டில், நான்.

2. செங்கல்பட்டு தாண்டியதும் பின் டயர் வெடித்தது. மாற்று டயரும் வெடித்த டயரும் பார்க்க ஒரே மாதிரி இருந்தன.

3. ஓட்டுநர் கிளீனரிடம் தெலுங்கில் சொன்னார்: "இந்தப் பொண்ணு ஊருக்குச் சாம்பல் கொண்டுபோகுது. அந்த ஊரில் அடுப்பே எரிவதில்லையா?" மலேசியாவில், ஈப்போவில், எங்கள் பக்கத்து வீட்டார் தெலுங்கர்கள். அதை நான் அவரிடம் சொல்லவில்லை.

4. சாலையோரக் கடையில் நாஷ்டா. நான்கு இட்லி, சட்னி, அதன் மேல் கேட்காமலே ஊற்றப்பட்ட சாம்பார்.

5. உத்திரமேரூரில் ஓட்டுநர் மூன்று பேரிடம் வழி கேட்டார். மூவரும் மூன்று திசை காட்டினார்கள். மூன்றும் சரியான வழிதான் என்று பிறகு தெரிந்தது.

6. பகல் ஒன்றரைக்கு மானாம்பதிக்கு அப்பால் உள்ள சிற்றூர் ஒன்றின் அரிசி ஆலை வாசலில் இறங்கினேன். ஒரு கேன் ஒழுகி, லாரியின் பலகையில் பெயிண்ட் உரிந்திருந்தது. ஓட்டுநர் அதைப் பார்ப்பதற்குள் நான் பார்த்துவிட்டேன். ஆனாலும் நானே சொன்னேன்.

ஆறாவதற்கு விளக்கம் தேவை. கேன்களில் இருந்தது காஸ்டிக் சோடாவும், சோப்பு செய்கிறவர்கள் வாங்கும் சிலிகேட் குழம்பும் கலந்த கரைசல். நிலக்கரி எரிந்து மிஞ்சும் மெல்லிய சாம்பலை இதனுடன் பிசைந்து, ஜல்லியும் மணலும் சேர்த்தால், சிமெண்டே இல்லாமல் காங்கிரீட் இறுகும். இந்த வகைக்கு ஒரு பிரெஞ்சுக்காரர் ஜியோபாலிமர் என்று பெயர் வைத்திருப்பதாக மெட்ராஸ் ஆய்வுக்கூட மேலாளர் சொன்னார். சிமெண்டு செய்யச் சுண்ணாம்புக் கல்லைச் சூளையில் வேகவைக்க வேண்டும். சாம்பலோ ஏற்கெனவே வெந்து, வீணாக மலைபோல் குவிந்து கிடக்கிறது. சிமெண்டுக்குப் பர்மிட் வாங்கி மாதக்கணக்கில் காத்திருக்கும் நாட்டில் இது கவனிக்க வேண்டிய விஷயம்.

நான் ஈப்போவில் சாலையோரக் கால்வாய்களுக்குக் காங்கிரீட் வார்க்கும் தொழிற்சாலையில் சோதனைப் பிரிவில் வேலை செய்கிறேன். மெட்ராஸில் ஓர் ஆய்வுக்கூடத்தில் மூன்று மாதப் பயிற்சிக்கு அனுப்பப்பட்டவள். கூடத்துக்குள் நன்றாக வந்த பொருளைக் கூடத்துக்கு வெளியே வார்த்துப் பார்க்க வேண்டும் என்று முடிவானபோது, மற்ற எல்லாரும் பொங்கல் விடுமுறையில் இருந்தார்கள். அதனால் நான்.

வார்க்க வேண்டியது ஒரு சிறு பாலம். ஏரி மதகிலிருந்து வரும் வாய்க்கால் ஊருக்கும் ஊர்க்கோடியில் உள்ள இருளர் குடியிருப்புக்கும் நடுவே ஓடுகிறது. அகலம் நான்கடிதான். இரு கரையிலும் கருங்கல் கட்டு ஏற்கெனவே இருந்தது. அதன் மேல் கிடந்த பனந்தண்டு இற்றுப்போய்விட்டது. மதகைத் திறந்துவிட்டால் அறுவடை வரை இடுப்பளவு தண்ணீர் ஓடும். சுற்றிப் போனால் இரண்டு மைல், அதில் பாதி சேறு. ஐந்து சிலாப் அருகருகே போட்டால் மாட்டுவண்டியே போகும். அடுத்த வெள்ளிக்கிழமை மதகு திறப்பதாக ஊரில் தீர்மானித்திருந்தார்கள்.

தங்கியது ஊர் நர்ஸின் அரசுக் குடியிருப்பில்; எனக்கு அவர் நர்ஸ் அக்கா. ஒரு அறை, ஒரு சமையலறை, சுவரில் குழந்தைகளின் எடை அட்டவணை. பகல் சாப்பாட்டுக்கு மொச்சைக் கொட்டைக் குழம்பு வைத்தார். தை மாதத்தில் இந்தப் பக்கம் எந்த வீட்டுக்குப் போனாலும் மொச்சைதான் என்றார். அடுத்த ஆறு நாளில் அது உண்மை என்று உறுதியானது.

சாப்பிடும்போது அவர் போன தை மாதத்தைப் பற்றிச் சொன்னார். இருளர் குடியிருப்பில் ஒரு பெண்ணுக்குப் பிரசவ வலி. வாய்க்காலில் தண்ணீர். பனந்தண்டு பாதியில் முறிந்து கிடந்தது.

"நான் இந்தக் கரையில நின்னுக்கினு கத்தறேன். கால மடக்கச் சொல்லு, மூச்சு விடச் சொல்லுன்னு. அந்தக் கரையில ஒருத்தி நின்னு கேட்டுக்கினு குடிசைக்கு ஓட்றா. திரும்பி ஓடி வந்து அங்க இன்னா நடக்குதுன்னு எனக்குக் கத்தறா. ரேடியோவுல பிரசவம் பாத்தாப்ல ஆயிட்ச்சு."

"குழந்தை?"

"பொழச்சிது. அந்தப் பொம்பளைக்குத்தான் ஒரு மாசம் எழுந்திருக்க முடியல. இந்த வருசமும் மாசியில ஒண்ணு கீது. பேரு செல்லி. மொதப் பிரசவம். நீ போடற சிலாப்பு மேலதான் நான் போவணும்."

குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன்: மாசி, செல்லி, முதல் பிரசவம்.

ஞாயிற்றுக்கிழமை விடியலில் பனி இறங்கியிருந்தது. இந்தியா என்றால் வெயில் என்று நினைத்து ஒரு ஸ்வெட்டரும் கொண்டுவராதவள் நான். ஈப்போவில் மழை உண்டு, புழுக்கம் உண்டு. வாயைத் திறந்தால் புகை வராது. வெப்பமானியைச் சாக்கின் மேல் வைத்துப் பார்த்தேன். இருபது. கூடத்தில் நாங்கள் வார்த்தது முப்பத்தைந்தில்.

மேஸ்திரி பெருமாளுக்கு ஐம்பது வயது இருக்கும். ஏரியின் உபரிநீர் வழியும் கலங்கலைச் சுற்றிப் பழுதுபார்த்ததெல்லாம் அவர் கை வேலை. சாம்பலை விரலில் தேய்த்து முகர்ந்தார். கையுறையை வாங்கி மடித்து மடியில் வைத்துக்கொண்டார். போடச் சொன்னேன். சிரித்தார். கரைசல் ஒரு சொட்டு அவர் மணிக்கட்டில் பட்டு எரிந்ததும், வினிகரில் கழுவிவிட்டுப் போட்டுக்கொண்டார்.

சுமக்க வந்தவர்கள் குடியிருப்புப் பெண்கள் ஐந்து பேர். அவர்களில் முன்னால் நின்றவள் கன்னியம்மா. முப்பது வயதுக்குள்தான் இருக்கும். ஆலையில் நெல் அவிக்கும் பாய்லருக்கு உமி போடுவதும் சாம்பல் வாருவதும் அவள் வேலை, ஞாயிறன்று விடுப்பு. போன வருடம் அந்தக் கரைக்கும் குடிசைக்கும் ஓடியவள் அவள்தான் என்று பிறகு தெரிந்தது. செல்லி அவளுடைய தம்பி மனைவி.

"அக்கா, அந்த சட்டியைக் கொஞ்சம் இப்படி வைங்க" என்றேன். எங்கள் ஊரில் கொஞ்சம் மூத்த பெண் யாராக இருந்தாலும் அக்காதான். ஐந்து பேரும் வேலையை நிறுத்தி என்னைப் பார்த்தார்கள். கன்னியம்மா மற்றவர்களிடம் திரும்பி, "அக்காவாம் டீ" என்றாள். பிறகு சட்டியை நான் சொன்ன இடத்தில் வைத்தாள்.

கொஞ்ச நேரம் கழித்து அவளே கேட்டாள். "ஊராண்ட போட்ட பாலம் சிமெண்டு. எங்குளுக்கு மட்டும் இன்னாத்துக்கு சாம்பலு?"

பர்மிட்டில் வந்த சிமெண்டு ஊர்ப் பாலத்தோடு தீர்ந்துவிட்டது என்று கேள்விப்பட்டிருந்தேன். அதைச் சொன்னேன். இந்தச் சாம்பல் சிமெண்டுக்குக் குறைந்ததல்ல என்றும் சொன்னேன்.

"குறஞ்சது இல்லன்னா அத்த அங்க போட்டுட்டு சிமெண்ட்ட இங்க போட்ருக்கலாமே."

நான் குறிப்பேட்டைப் புரட்டினேன். பெருமாள், "ஏம்மே, வேலையப் பாரும்மே. அந்த அம்மா கடல் தாண்டி வந்து கீது, உன்னாண்ட வாயாட வல்ல" என்றார்.

பகல் பன்னிரண்டுக்குள் ஐந்து சிலாப்பும் வார்த்தோம். நீளம் ஐந்தரை அடி, அகலம் ஒன்றரை, கனம் மூன்றரை அங்குலம், அடியில் கம்பி. கலவை பசைபோல ஒட்டியது. பெருமாளின் கரணையை ஒவ்வொரு இழுப்பிலும் பிடித்துக்கொண்டது. "இது காங்கிரீட்டு இல்லம்மா, வெல்லப் பாவு" என்றார். பாலிதீன் விரித்து மூடினோம். அவரிடம் மூன்று முறை சொன்னேன்: இதற்குத் தண்ணீர் ஊற்றக் கூடாது. சிமெண்டு தண்ணீர் குடித்து வளரும், இது அப்படியல்ல. இறுகுவதற்குள் தண்ணீர் பட்டால் உள்ளே இருக்கும் காரம் கரைந்து வெளியே வந்துவிடும், பிறகு பிடிக்காது. மூன்று முறையும் தலையாட்டினார்.

திங்கள் காலை, பாலிதீனைத் தூக்கிக் கட்டை விரலால் அழுத்தினேன். பள்ளம் விழுந்தது. பதினெட்டு மணி நேரம் ஆகியிருந்தது. குளிரில் இது மெதுவாக இறுகும் என்று தெரியும். எவ்வளவு மெதுவாக என்று தெரியாது. கூடத்துக்குப் போன் செய்ய வேண்டும். ஊர் அஞ்சலகத்தில் லைன் இல்லை. உத்திரமேரூரிலும் அன்று லைன் இல்லை. காஞ்சிபுரம் போனேன்.

டிரங்க் கால் கிடைக்க மூன்று மணி நேரம் ஆனது. மேலாளரின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. "வெப்பம் கொடு. அறுபது டிகிரி, ஒரு நாள் முழுக்க. உலர்ந்த வெப்பம்."

"எதை வைத்து, சார்?"

"அங்கே என்ன இருக்கிறதோ அதை வைத்து." லைன் போனது.

திரும்பும் பேருந்து பாதி வழியில் ஆவி கக்கி நின்றது. கண்டக்டர் காலி டப்பாவோடு இருக்கை இருக்கையாக வந்தார். "ரேடியேட்டருக்கு ஆளுக்குக் கொஞ்சம் ஊத்துங்கம்மா, புண்ணியமாப் போவும்." கூஜாவிலிருந்து, குழந்தையின் பால் புட்டியிலிருந்துகூட ஊற்றினார்கள். ஒரு பெரியவர் தான் கொண்டுபோன கோயில் தீர்த்தத்தைக் கையால் மூடிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். எங்கள் ஊரில் பேருந்து நின்றால் எல்லாரும் இறங்கி அடுத்த பேருந்துக்குப் போய்விடுவார்கள். இங்கே எல்லாரும் சேர்ந்து பேருந்தைப் பிழைக்க வைக்கப் பார்த்தார்கள். அது பிழைக்கவில்லை. எதிரே வந்த பேருந்தில் ஏறிக் காஞ்சிபுரத்துக்கே திரும்பி, நர்ஸ் அக்காவின் தங்கை வீட்டில் தங்கினேன். அங்கும் மொச்சை.

செவ்வாய் பகல் பதினொன்றுக்கு வாய்க்கால் கரைக்கு வந்து சேர்ந்தேன். பாலிதீன் உருட்டி ஓரமாக வைக்கப்பட்டிருந்தது. ஐந்து சிலாப்பைச் சுற்றிலும் களிமண்ணால் அழகாக வரப்பு கட்டியிருந்தார்கள். உள்ளே இரண்டு விரல் உயரத்துக்குத் தண்ணீர் நின்றது. அது தெளிந்த தண்ணீர் இல்லை. கஞ்சி வடித்தது போல் வெளுத்திருந்தது. வரப்பு ஓரத்தில் வெள்ளைப் பொடி பூத்திருந்தது. லிட்மஸ் தாளை நனைத்தேன். நீலம். சிலாப்புக்குள் இருக்க வேண்டிய காரம் வெளியே நின்றது.

கன்னியம்மா குடத்தோடு நின்றுகொண்டிருந்தாள். முகத்தில் ஒரு திருப்தி இருந்தது. "நேத்துலேந்து நாப்பது, அம்பது கொடம் ஊத்தனோம். ஒரு பொயுதுகூட காய வுடல."

"யார் ஊற்றச் சொன்னது?"

"யாரு சொல்லணும்? ஊர்ப் பாலத்துக்குப் பதினாலு நாளு தண்ணி கட்னாங்க. நாந்தான் சுமந்தேன். எங்க சிலாப்பு மட்டும் ஒரு நாளு பூரா வெறுமனே கெடந்துது. தண்ணி கட்டாம வுட்டுட்டுப் போயிட்டாங்கன்னு எனுக்குத் தெரியாதா? ஊத்த ஆளு இல்லன்னு நெனச்சாங்க. ஆளு கீறோம்."

பெருமாள் கொஞ்சம் தள்ளி நின்றார். "மேஸ்திரி, உங்களுக்குத் தெரியுமே" என்றேன்.

அவர் தலைப்பாகையை அவிழ்த்துத் திரும்பக் கட்டினார். "தெரியும்மா. சொன்னே. மூணு தபா சொன்னே. ஆனா முப்பது வருசமா தண்ணி கட்டாத காங்கிரீட்ட நான் பாத்தது கெடயாது. இவளுங்க கொடத்தத் தூக்கிக்கினு வரச்ச வாணாம்னு சொல்ல வாய் வரல. சின்னப் பொண்ணு ஏதோ தெரியாம சொல்லுதுன்னு..." தலைப்பாகையின் நுனியைச் செருகினார். பிறகு, "நானும் ரெண்டு கொடம் ஊத்தனேன்" என்றார்.

வரப்பை உடைத்துத் தண்ணீரை விட்டோம். முதல் சிலாப்பைக் கடப்பாரையால் நெம்பி ஆறு பேர் தூக்கினார்கள். முழங்கால் உயரம் வந்ததும் நடுவில் பிளந்தது. சத்தம்கூட வரவில்லை, பழைய ரொட்டி பிளந்த மாதிரி. மற்ற நான்கையும் சுத்தியால் தட்டினேன். நான்கும் மொத்து மொத்தென்றன. ஆணியால் கீறினால் சாம்பல் கொட்டியது.

கன்னியம்மா குடத்தைக் கீழே வைத்துவிட்டாள்.

அவளிடம் விளக்கினேன், பெருமாளிடம் சொன்ன அதே சொற்களில். கேட்டு முடித்ததும் அவள் சொன்னாள்: "இத்த ஞாயித்துக்கெயமயே என்னாண்ட சொல்லிருந்தா ஒரு சொட்டு ஊத்த வுட்ருப்பனா? காவலுக்குக் குந்தியிருப்பேனே."

அது உண்மை. ஞாயிற்றுக்கிழமைக்கான என் பட்டியலில் பதினான்கு வரிகள் உண்டு. தண்ணீர் கூடாது என்பது ஒன்பதாவது வரி. மேஸ்திரியிடம் சொல்லியாயிற்று என்று குறியும் போட்டிருந்தேன். தண்ணீர் சுமப்பது மேஸ்திரி அல்ல.

மிச்சம் இருந்த சாம்பலையும் கரைசலையும் அளந்தேன். மூன்று சிலாப்புக்குப் போதும். மெட்ராஸுக்கு ஆள் அனுப்பி மீண்டும் கொண்டுவர ஒரு வாரம் ஆகும். வெள்ளிக்கிழமை மதகு. ஊர்ப் பெரியவர்களிடம் இரண்டு நாள் தள்ளிவைக்கக் கேட்கலாமா என்றேன். பெருமாள் கேட்டுவிட்டு வந்தார். நாற்றங்கால் காய்கிறதாம், முடியாதாம். அதிலும் தவறு சொல்ல முடியாது.

மூன்று சிலாப் என்றால் நாலரை அடி. வண்டி போகாது, ஆள் போகலாம். ஆனால் இரண்டு நாளில் இறுக வேண்டும். அறுபது டிகிரி, ஒரு நாள், உலர்ந்த வெப்பம். வெயில் போதாது. ஆலையின் ஆவி ஈரம், ஆகாது. விறகு மூட்டினால் ஒரு பக்கம் வெந்து மறுபக்கம் குளிரும். இதையெல்லாம் வாய்விட்டே சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன் போல.

"அறுவது டிகிரின்னா எவ்ளோ சூடு?" என்றாள் கன்னியம்மா.

யோசித்தேன். "கை வைத்தால் இரண்டு எண்ணும் வரை தாங்கும். மூன்றில் எடுத்துவிடுவீர்கள்."

"அவ்ளோதானா. கெயங்கு வேவற சூடுகூட இல்ல."

உமிச் சாம்பலைப் பற்றி அவள் அப்போது சொன்னதுதான் இந்தப் பயணத்தில் நான் கற்றுக்கொண்டவற்றில் முக்கியமானது. பாய்லரிலிருந்து வாரிய சாம்பல் மேலே கறுத்து ஆறினது போல் இருக்கும். உள்ளே கை விட்டால் மறுநாளும் சுடும். காலையில் கிழங்கைப் புதைத்துவிட்டு வேலைக்குப் போனால் மத்தியானம் வெந்திருக்கும். மீனாக இருந்தால் வாழையிலையில் சுற்றி, முதலில் ஆறின சாம்பல், அதன் மேல் சுடு சாம்பல். "நேரா சுடு சாம்பல்ல வெச்சா இல கருகிப் பூடும். நடுவுல ஆறினது ஒரு சாண் போடணும். மீன்ல கீற தண்ணி மீன்லயே நிக்கும்."

எங்கள் ஊரிலும் மீனை இலையில் சுற்றித் தணலில் வைப்பார்கள். சந்தையில் வாங்கித் தின்றிருக்கிறேன். அதைக் காங்கிரீட்டோடு சேர்த்துப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை. சுற்றிவர உலர்ந்த சூடு, உள்ளிருக்கும் ஈரம் வெளியேறாமல் ஒரு உறை. மேலாளர் கேட்டது இதுதான்.

புதன் காலை கெட்டுப்போன சிலாப்புகளைப் பெருமாள் சம்மட்டியால் நொறுக்கிக் கம்பிகளை எடுத்தார். ஆலையின் நெல் காயவைக்கும் களத்து மூலையிலேயே மூன்றையும் வார்த்தோம். இந்த முறை கையுறையைச் சொல்லாமலே போட்டுக்கொண்டார். கன்னியம்மா கைக்குப் பொருந்தாமல் வேறு வேறு ஜோடியிலிருந்து ஒவ்வொன்று போட்டுக்கொண்டு, "பாம்பு புடிக்கக்கூட இவ்ளோ வேஷம் கட்னது இல்ல" என்றாள்.

மாலை நான்கு மணிக்கு அச்சோடு இலை சுற்றினோம். வாழையிலை மூன்று அடுக்கு. பாய்லர்காரர் ரங்கசாமி வந்து இடுப்பில் கை வைத்து நின்றார்.

"இன்னாம்மே இது? மொதலாளி ஊர்ல இல்ல. வந்து கேட்டா நான் இன்னா சொல்றது?"

"சாம்பல வாரிக் கொட்றது என் வேல. எங்க கொட்டணும்னு இன்னிக்கு வரிக்கும் யாரும் எனுக்குச் சொன்னது இல்ல. இன்னிக்கு இங்க கொட்றேன்."

ரங்கசாமி இடுப்பிலிருந்து கையை எடுத்துவிட்டு, "நல்லா கொட்டு. பாதி வெந்தா மொதலாளிக்குப் புடிக்காது" என்று போய்விட்டார்.

ஆறின சாம்பல் ஒரு சாண். அதன் மேல் அடுப்பிலிருந்து நேராக வந்த சாம்பல், கூடை கூடையாக. நீள வெப்பமானியை ஒரு மூங்கில் குழாய் வழியாக உள்ளே விட்டேன். ஐம்பத்தெட்டு. அவள் ஓரத்தில் தோண்டிய குழியில் கை விட்டு, ஒன்று, இரண்டு என்று எண்ணி, மூன்றில் எடுத்தாள். "இன்னும் நாலு கூடை கொட்லாம்." கொட்டினோம். அறுபத்து நான்கு. அன்று இரவும் வியாழன் முழுவதும் அவள் சூடு குறையும்போதெல்லாம் சாம்பலை மாற்றினாள். நான் ஒரு மணிக்கு ஒரு முறை எழுதினேன். ஐம்பத்தெட்டுக்குக் கீழே போகவில்லை, எழுபதைத் தாண்டவும் இல்லை. இரண்டு முறை அவள் கை சொன்னதற்கும் வெப்பமானி சொன்னதற்கும் வித்தியாசம் இருந்தது. ஒரு முறை வெப்பமானி குழாயின் ஓரத்தில் ஒட்டியிருந்தது. மற்ற முறை அவள் தவறு.

மாலையில் சாம்பலை விலக்கி இலையைப் பிரித்தோம். இலை பழுப்பேறி, உள்பக்கம் வியர்த்திருந்தது. சுத்தியால் தட்டினேன். மூன்றும் மணி மாதிரி ஒலித்தன. பெருமாள் என் கையிலிருந்து சுத்தியை வாங்கித் தானும் தட்டினார். திரும்பத் திரும்பத் தட்டிக்கொண்டே இருந்தார். விடியும் வரை மீண்டும் சாம்பலால் மூடி வைத்தோம்.

வெள்ளி காலை ஏழு மணி. மாட்டுவண்டியில் கொண்டுவந்து மூன்றையும் கருங்கல் கட்டின் மேல் வைத்தோம். என் பட்டியலின்படி முதலில் நெல் மூட்டைகள்: ஒரு சிலாப்புக்கு மூன்று, அரை மணி நேரம். அதன் பிறகே ஆள். மூட்டைகளை இறக்கச் சொன்னேன்.

"மூட்டைக்கு இன்னா பயம்?" என்றாள் கன்னியம்மா. "நீதானே செஞ்சே. நீ மொதல்ல நில்லு."

குடியிருப்பு முழுவதும் அந்தக் கரையில் நின்றுகொண்டிருந்தது. செல்லி வயிற்றின் மேல் கையை வைத்துக்கொண்டு ஒரு கல்லில் உட்கார்ந்திருந்தாள். என் எடை நாற்பத்தாறு கிலோ. ஒரு சிலாப்பின் மேல் அதை நிறுத்துவது எந்தக் கணக்கிலும் ஒரு சோதனை ஆகாது. அதை விளக்கலாம் என்று வாயெடுத்தேன். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு நடுச் சிலாப்பின் மேல் போய் நின்றேன். காலுக்குக் கீழே இன்னும் வெதுவெதுப்பாக இருந்தது. கைக்கடிகாரம் பார்த்து இரண்டு நிமிடம் நின்றேன்.

பெருமாள் யாரும் கூப்பிடாமலே வந்து பக்கத்துச் சிலாப்பில் நின்றார். கன்னியம்மா மூன்றாவதில். "குதிக்கட்டா?" என்றாள். வேண்டாம் என்றேன். ஒரு முறை குதித்தாள்.

அதன் பிறகு மூட்டைகள். அரை மணி நேரம். அடியில் படுத்து விளக்குப் பிடித்துப் பார்த்தேன். விரிசல் இல்லை.

பத்து மணிக்கு மதகருகே கற்பூரம் கொளுத்தித் தேங்காய் உடைத்தார்கள். தண்ணீர் வருவதற்கு முன்னால் அதன் சத்தம் வந்தது. பிறகு வைக்கோல், நுரை, ஒற்றைச் செருப்பு ஒன்று, அதன் பின்னால் தண்ணீர். சிலாப்புக்குக் கீழே புகுந்து அந்தப் பக்கம் போனது. நர்ஸ் அக்கா கையில் பையோடு இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கு நடந்து, செல்லியின் வயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார். ஒத்திகை என்றார்.

கூடத்துக்கு நான் கொடுத்த அறிக்கை நான்கு பக்கம். கரைசல் கையை எரிக்கிறது. கிராமத்தில் கேனாகக் கொடுத்துவிட்டு வரத் தக்கதல்ல. குளிர் காலத்தில் வெப்பம் இல்லாமல் வார்க்கக் கூடாது. நெல் அவிக்கும் ஆலை உள்ள ஊரில் உமிச் சாம்பல் போதும். முறையைச் சொன்னவர் பெயர் கன்னியம்மா, பாய்லர் வேலை. தண்ணீர் கூடாது என்பதைத் தண்ணீர் சுமப்பவர்களிடம் சொல்ல வேண்டும். கடைசி இரண்டையும் மேலாளர் பென்சிலால் அடித்தார். நான் மையால் திரும்ப எழுதினேன்.

நர்ஸ் அக்காவின் கடிதம் ஈப்போவுக்கு வந்து சேர்ந்தது. அதன்படி இன்றைய நிலை இது. வாய்க்காலில் தண்ணீர் ஓடுகிறது. மூன்று சிலாப்பும் இருக்கின்றன. ஓரத்துச் சிலாப்பில் ஒரு முனை கொஞ்சம் வெள்ளை பூத்திருக்கிறது. ஊரார் வண்டி இன்னும் சுற்றித்தான் போகிறது. மிச்ச இரண்டு சிலாப்புக்கு யாரும் ஏற்பாடு செய்யவில்லை. செல்லிக்கு மாசியில் வலி வந்தபோது அவர் பையோடு நடந்து போனார். பெண் குழந்தை. எடை இரண்டு கிலோ எழுநூறு, அட்டவணையில் எழுதியாயிற்று.